கன்னி மூலைக் குழி

நவம்பர் 12, திங்கள்

இந்த நோட்டைக் கொடுத்தது காப்புரிமை வக்கீல் ரங்கமணி அம்மா. தொண்ணூற்றாறு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அவரே நம்பர் போட்டு முத்திரை குத்தியிருக்கிறார்.

"எந்தத் தேதியில என்ன மாத்தினீங்க, ஏன் மாத்தினீங்கன்னு எழுதிட்டே வாங்க, வெள்ளியங்கிரி சார். நாளைக்கு எவனாவது இது என் கண்டுபிடிப்புன்னு வந்து நின்னா, உங்களுக்காகப் பேசறது இந்த நோட்டுதான். ஒரு பக்கம் கிழிஞ்சாலும் மொத்தமும் செல்லாது" என்றார்.

இன்னொரு விதி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கீழே, கண்டுபிடிப்பில் பங்கில்லாத ஒருவர் 'பார்த்தேன், புரிந்துகொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் எட்டாவதோடு நின்றவன். பழைய டி.வி.எஸ்ஸில் டோனர் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடை கடையாக ஏறி இறங்கியவன். இன்று கணபதி பகுதியில் சொந்த ஷெட். மை என்று பலர் நினைக்கிறார்கள், டோனர் மையல்ல. பிளாஸ்டிக்கை மாவாக அரைத்தது. மைதாவை விட நைசு. தலை வாரிய சீப்பில் காகிதத் துண்டு ஓடி வந்து ஒட்டுகிறதே, அதே மின்சாரத்தில்தான் இந்தப் பொடி காகிதத்தில் எழுத்தாக ஒட்டுகிறது. உரசினால் மின்சாரம் ஏறுவதுதான் இதன் குணம். அந்தக் குணத்துக்குத்தான் விலை.

பீப்பாயில் வரும் டோனரைச் சலித்து பாட்டிலில் அடைப்பதுதான் என் தொழில். இதுவரை கரண்டியும் புனலும். மூன்று பெண்கள், சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பு. இனிமேல் இயந்திரம். பீப்பாயிலிருந்து தானே உறிஞ்சி, தானே சலித்து, தானே அடைக்கும். இந்தியாவில் இந்த விலைக்கு இப்படி ஒன்று கிடையாது.

நவம்பர் 19, திங்கள்

முதல் மாற்றம். பீப்பாயிலிருந்து பிளாஸ்டிக் குழாய் வழியாகக் காற்றோடு பொடியை உறிஞ்சி, மேலே இரும்புத் தொட்டியில் சுழல விட்டு, கீழே சல்லடை வழியாக இறக்குவது. முன்பு இரும்புக் குழாய். கனம், விலை, வளைக்க முடியாது. பிளாஸ்டிக் என் யோசனை.

செய்தது லேத் ஜெயசீலன். நாகர்கோவில்காரர், இருபது வருஷமாக இங்கே பட்டறை. ஃபவுண்டரிக்குத் தூசி உறிஞ்சும் மெஷின் செய்து கொடுத்தவர். கை சுத்தம், வாய் நீளம்.

சாட்சிக்கு மாராத்தாளைக் கூப்பிட்டேன். மூன்று பெண்களில் மூத்தவள். நூல் மில்லில் பதினாறு வருஷம் இருந்தவள், மில் மூடியபின் இங்கே வந்தாள். அவள் நோட்டை ஒரு தடவை முழுதாகப் படித்தாள்.

"பாத்தேன்னு போடறனுங்ணா. கண்ணால பாத்தேன். புரிஞ்சுதுன்னு எப்படிங்க போடறது?"

"சும்மா போடு மாராத்தா. சட்டத்துக்கு."

"சட்டத்துக்குப் பொய் எழுதறதுங்களா? நல்லாருக்குதே கதை."

'பார்த்தேன். மாராத்தாள்' என்று மட்டும் எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

நவம்பர் 27, செவ்வாய்

மழை. மெஷின் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

டிசம்பர் 6, வியாழன்

ஜெயசீலன் வந்து ஷெட்டுக்குப் பின்னால், தென்மேற்கு மூலையில் குழி தோண்டினார். ஆள் உயரம். அடியில் செம்புத் தகடு, அதன் மேல் உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றி. தகட்டிலிருந்து ஒரு செம்புக் கம்பி மேலே வந்து, தொட்டியில் முடுக்கி, பிளாஸ்டிக் குழாய் நெடுகக் கொடி மாதிரி சுற்றிப் போகிறது.

"கரண்டுக்குத்தான் தனி எர்த் இருக்கே?" என்றேன்.

"அது மோட்டாருக்கு அண்ணாச்சி. இது பொடிக்கு. பிளாஸ்டிக்குக் குழாயில பொடி உரசிக்கிட்டே ஓடுது, தொட்டியில சார்ஜ் ஏறும். ஏறினது இறங்க வழி வேணும்லா? ஒரு குடம் தண்ணி தினம் குழியில ஊத்தணும். காஞ்சா குழி செத்துப் போகும்."

தண்ணீர் ஊற்றும் வேலையை மாராத்தாள் எடுத்துக்கொண்டாள். பூச்செடிக்கு ஊற்றுவதுபோல் காலையில் முதல் வேலை அதுதான்.

இதை மாற்றம் என்று எழுதவில்லை. என் யோசனை அல்லவே.

டிசம்பர் 20, வியாழன்

காப்புரிமை மனு போனது. கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் ஒரு பெயர்தான். ரங்கமணி அம்மா, "ஜெயசீலன் பேரும் போடணுமா?" என்று கேட்டார். செய்து கொடுத்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டார், வேண்டாம் என்றேன். கொத்தனார் பெயரையா வீட்டுப் பத்திரத்தில் எழுதுகிறோம்?

ஜெயசீலனிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஜனவரி 4, வெள்ளி

காந்திபுரம் கடை ஒன்றிலிருந்து பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன. பொடி கட்டி தட்டியிருக்கிறது. எழுத்துக்குப் பின்னால் சாம்பல் படிகிறதாம். ஈரம்தான் காரணம். ஈரம் எங்கிருந்து? பார்த்தால் மாராத்தாள் காலையில் ஷெட்டுக்குள் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்துத்தான் பெருக்குகிறாள்.

"மில்லுல இப்படித்தானுங்ணா. ஈரம் கம்மியானா நூலு மயிரு மாதிரி சிலிர்த்துக்கும், கைய கடிக்கும். புகை மாதிரி தண்ணி அடிப்பாங்க. மழ நின்னு போச்சு, இனி காத்து காய ஆரம்பிச்சுரும். நம்ம பொடியும் சிலிர்க்குதுங்களே, பாக்கலீங்களா நீங்க?"

"மில் வேற, இது வேற. நூலுக்கு ஈரம் மருந்து, டோனருக்கு விஷம். இனி உள்ளே ஒரு சொட்டுத் தண்ணி வரக் கூடாது."

"சரீங்க. பின்னால குழிக்கு?"

"அது வெளியதானே. ஊத்திக்கோ."

மாற்றம் இரண்டு: ஷெட்டுக்குள் ஈரம் தடை. காரணம்: பொடி கட்டி தட்டுதல். 'பார்த்தேன். மாராத்தாள்.'

ஜனவரி 14, திங்கள்

போகி. மூன்று பேருக்கும் பொங்கல் சேலை கொடுத்தேன். என் மனைவி கமலவேணி தேர்ந்தெடுத்தது. மயில் கழுத்து நிறம், பாலியஸ்டர், ஒரே மாதிரி மூன்று. ஒரு கணக்கோடுதான். அவர்கள் கட்டி வரும் நூல் சேலையில் டோனர் ஏறினால் எத்தனை தடவை அலசினாலும் போகாது. பாலியஸ்டரை ஒரு உதறு உதறினால் போதும். இனி ஷெட்டில் இதுதான் சீருடை.

மாராத்தாள் துணியைத் தேய்த்துப் பார்த்தாள். "வழுவழுன்னு பாம்பு மாதிரி இருக்குதுங்க" என்று சிரித்தாள். மற்ற இருவரும் அங்கேயே தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளில் நான் கொடுத்த எதற்கும் அவர்கள் முகம் இப்படி மலர்ந்து பார்த்ததில்லை.

ஜனவரி 24, வியாழன்

பனி முடிந்துவிட்டது. காலையிலேயே உதடு வெடிக்கிறது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று நாள் முழுக்கத் தகரத்தைத் தட்டுகிறது.

புதுச் சேலைகள் நடக்கும்போது சரசரக்கின்றன. ஒருத்தி இன்னொருத்தி கையைத் தொட்டாள். படக் என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் துள்ளிக் குதித்தார்கள். பிறகு அதுவே விளையாட்டாகிவிட்டது. ஒருத்திக்கு ஒருத்தி பின்னாலிருந்து வந்து காது மடலைத் தொடுவது, படக், கத்துவது. நானும் சிரித்தேன்.

மாராத்தாள் சிரிக்கவில்லை. "கடிக்குது பாத்தீங்களா" என்றாள்.

பிப்ரவரி 2, சனி

பெங்களூர் பார்ட்டி போனில். மார்ச் ஒன்றாம் தேதி நேரில் வந்து இயந்திரம் ஓடுவதைப் பார்க்கிறார்களாம். பிடித்தால் தென்னிந்தியா முழுக்க அவர்கள்தான் விற்பார்கள், செய்வது நான். இதற்குத்தானே இத்தனை பாடு.

வருகிறவர்கள் பெரிய இடம். பெண்கள் வெறுங்காலோடு நின்றால் என்ன நினைப்பார்கள்? ஷெட்டுக்கு உள்ளே போடுவதற்கென்றே மூன்று ஜோடி ரப்பர் செருப்பு, தடித்த அடி, வாங்கி வந்தேன். மற்ற இரண்டு பேரும் போட்டுக்கொண்டார்கள். மாராத்தாள் வாசல் வரை போட்டு வருகிறாள், உள்ளே வரும்போது கழற்றிவிடுகிறாள்.

"கோயிலா இது?"

"பழக்கமுங்ணா. தரை காலுல பட்டாத்தான் எனக்கு வேலை ஓடுது."

பிப்ரவரி 9, சனி

இன்று கண்ணால் பார்த்தேன். சின்னவள் தொட்டியின் கைப்பிடியைப் பிடிக்கப் போனாள். விரலுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நீலமாக ஒரு நூல். மின்னி மறைந்தது. அவள் ஓலமிட்டு ஓடிவிட்டாள். முனி அடித்துவிட்டது என்று அழுகிறாள்.

ஜெயசீலனை வரவழைத்தேன். அவர் தொட்டியைப் பார்க்கவில்லை. பெண்களைத்தான் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"இந்தச் சேலை யாரு எடுத்தது? இந்தச் செருப்பு? தண்ணியை ஏன் நிறுத்தினீங்க? தொட்டியில ஏறினதை என் குழி இறக்கிரும் அண்ணாச்சி. இவங்க மேல ஏறினதை எது இறக்கும்? பழைய நூல் சேலையைக் கட்டச் சொல்லுங்க, செருப்பைக் கழத்தச் சொல்லுங்க. வெறுங்காலு போதும்."

"வர்ற பார்ட்டி முன்னாடி பொம்பளைகளைக் கந்தலோட நிறுத்தவா? நீங்க மெஷினை மட்டும் பாருங்க."

"மெஷினைப் பாத்துத்தான் சொல்லுதேன். பொடி காத்துல பறக்கையில அது பொடி இல்ல. வெடி."

இப்படிப் பேசிப் பேசித்தான் இந்த ஆளின் பட்டறை வளரவேயில்லை. இருபது வருஷமாக டோனர் விற்கிறேன். ஒரு பாட்டில் புகைந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

பாட்டிலில் இருக்கும் டோனரைப் பற்றித்தான் எனக்குத் தெரியும் என்று அவர் போனபிறகு தோன்றியது. சாப்பிட்டதும் அந்த எண்ணம் போய்விட்டது.

பிப்ரவரி 18, திங்கள்

சின்னவள் ஒரு வாரமாக வேலைக்கு வரவில்லை. இன்னொருத்தியும் பயப்படுகிறாள். எலுமிச்சம்பழம் கட்டியாயிற்று, பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று. கமலவேணி வற்புறுத்தி ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தாள். மனுஷன் ஷெட்டுக்குள் வந்து கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய்க் குழியருகே நின்றுவிட்டார்.

"இது எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் ஆச்சுங்க."

"பிரச்சினை எத்தனை நாளா?"

நான் விரல் விட்டு எண்ணினேன்.

"கன்னி மூலைங்க இது. இந்த மூலையில மேடு இருக்கலாம், பாரம் இருக்கலாம். பள்ளம் இருக்கலாமா? அதுல தினம் தண்ணி வேற ஊத்தறீங்க. இந்த இடத்துல வேலை செய்யற பொம்பளை ஆளுகளுக்கு ஆகாது. மூடிருங்க."

மாராத்தாள் குடத்தோடு நின்றிருந்தாள். "இத்தன நாளு நாந்தானுங்க ஊத்தறேன். எனக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"இன்னும் ஆகலைம்மா" என்றார் அவர்.

பிப்ரவரி 21, வியாழன்

மாற்றம் மூன்று: தென்மேற்குக் குழி மூடப்பட்டது. கொத்தனார் ஜல்லி போட்டு, மேலே கான்கிரீட் தளம் போட்டு மட்டம் பார்த்துவிட்டார். குறுக்கே நீட்டிய செம்புக் கம்பியைத் தரையோடு வெட்டினார். தொட்டியிலும் குழாயிலும் சுற்றியிருந்த மிச்சத்தை நான் அவிழ்த்துச் சுருட்டி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நல்ல செம்பு.

ஜெயசீலன் ஊரில் இல்லை. மகள் பிரசவத்துக்கு நாகர்கோவில் போயிருக்கிறார். சொல்லாமல் செய்தால் மரியாதையல்ல என்று போன் போட்டேன். கையில் சிமெண்ட், அதனால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். மாராத்தாள் விளக்குமாற்றோடு அருகில் நின்றாள்.

குழி மூடிய விஷயத்தைச் சொன்னேன். "அண்ணாச்சி, நான் சொல்லுததைக் கேளுங்க. மூடினது மூடினதா இருக்கட்டும். எந்த மூலையில வேணும்னு அந்த ஆளுகிட்டயே கேட்டு வைங்க, வந்து தோண்டித் தாரேன். அஞ்சாம் தேதி வந்திருவேன். அதுவரைக்கும் மெஷினைப் போடாதீங்க. ஒரு நிமிஷம் கூடப் போடாதீங்க. தொட்டி இப்பம் அந்தரத்துல நிக்கி. ஏறினது இறங்க வழியில்ல. பக்கத்துல யாரு போறாங்களோ, அவங்க மேலதான் இறங்கும்."

"சரி" என்றேன்.

சரி என்றது புதுக் குழிக்கு. ஓட்டாமல் இருப்பதற்கு அல்ல. ஒன்றாம் தேதி பார்ட்டி வரும்போது, மெஷின் சும்மா நிற்கிறது, குழி தோண்டியபின் வாருங்கள் என்றா சொல்ல முடியும்?

மாராத்தாளிடம் நோட்டை நீட்டினேன். வழக்கம்போல முழுதும் படித்தாள். இந்தத் தடவை வழக்கத்தை விட அதிக நேரம்.

'பார்த்தேன். புரிஞ்சுது. மாராத்தாள்.'

"இன்னைக்கு மட்டும் என்ன புரிஞ்சுது உனக்கு?" என்று கேலியாகக் கேட்டேன்.

"குழியை மூடறது புரியாதுங்களா" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். ஊற்ற இடமில்லாமல் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

பிப்ரவரி 25, திங்கள்

குழியை மூடியது தெரிந்து சின்னவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பயம் போய்விட்டது. வாஸ்துக்காரருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 28, வியாழன்

ஒத்திகை. ஐந்து நிமிஷம் ஓட்டினேன். பொரி பொரிவதுபோல் குழாய்க்குள் சின்னச் சத்தம். தொட்டிப் பக்கம் போனால் கை மயிர் எழுந்து நிற்கிறது. காற்று அப்படி. மற்றபடி குறையில்லை. உத்தரத்தில் கறுப்பாகப் படிந்திருப்பதைத் துடைக்க நேரமில்லை. கீழே நின்று பார்த்தால் தெரியாது.

மாராத்தாள் கேட்டாள்: "நாளைக்கு உள்ள எத்தன பேருங்க நிக்கணும்?"

"மூணு பேரும்தான். சீருடையில."

"ஒரு ஆளு போதுமுங்களே. மெஷினுதானே எல்லாம் பண்ணுதுன்னு காட்டறோம்? மூணு பேரு நின்னா கரண்டியை வெச்சுக் கலக்கறாப்பல தெரியும்."

நல்ல யோசனை. இவள் வியாபாரம் செய்திருந்தால் என்னை விட மேலே வந்திருப்பாள்.

மார்ச் 1, வெள்ளி

மார்ச் 4, திங்கள்

மேலே தேதி மட்டும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையிலேயே எழுதி வைத்திருந்தேன், பார்ட்டி கையெழுத்து வாங்குவதற்கு. அடிக்கவும் மனமில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரைக்குக் கார் வந்தது. நான் மாலையோடு கேட்டில் நின்றேன். ஷெட்டுக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாராத்தாள் மற்ற இரண்டு பேரையும், "போங்கடி, போயி வர்றவங்களுக்கு டீயும் வடையும் வாங்கீட்டு வாங்க. நிதானமா வாங்க" என்று காலையிலேயே விரட்டிவிட்டிருந்தாள்.

காரிலிருந்து ஒருவர் இறங்கி ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார். அப்போது உள்ளே தொம் என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. பஞ்சு மூட்டையை மாடியிலிருந்து போட்டதுபோல. நான் திரும்புவதற்குள் இரண்டாவது. அதில் தகரம் எழும்பிப் போனது. முதல் சத்தத்தில் உத்தரத்துப் பொடி உதிர்ந்திருக்கிறது. இரண்டாவது அதனால் வந்தது. துடைக்க நேரமில்லை என்று நான் எழுதிய பொடி.

கதவருகே ரப்பர் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு குடம், விளிம்பு வரை தண்ணீர். உள்ளே ஒரு சொட்டு வரக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அவள் வாசற்படியோடு நிறுத்தியிருக்கிறாள். டிரைவர் அந்தக் குடத்தை எடுத்துத்தான் அவள் மேல் ஊற்றினார்.

சேலை எரியவில்லை. உருகியிருந்தது.

மார்ச் 5, செவ்வாய்

பிழைப்பாள் என்கிறார்கள் ஆஸ்பத்திரியில். பிழைத்தால் கை இரண்டும் சந்தேகம் என்கிறார்கள்.

ஜெயசீலன் பேரக் குழந்தையை விட்டுவிட்டு வந்துவிட்டார். ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தார். கான்கிரீட் மேல் ஒரு தடவை காலால் தட்டினார், போய்விட்டார். அவர் திட்டியிருக்கலாம்.

மார்ச் 7, வியாழன்

இன்று மாராத்தாள் பேசினாள். அதிகாரி ஒருவர் வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டார். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவு சாத்தவில்லை, கேட்டது.

"பொடி அடைச்சுக்குச்சுங்க. மெஷினு ஓடறப்போ தொட்டி மூடியைத் திறக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்காருங்க. நானாத்தான் திறந்தேன். எம் மேலதான் தப்பு."

நான் அப்படிச் சொன்னதே இல்லை. மூடியைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

அவர் போனபிறகு உள்ளே போனேன். முகத்தைத் தவிர எல்லாம் கட்டு.

"ஏன் மாராத்தா அப்படிச் சொன்னே?"

"ஷெட்டை மூடிட்டா அந்த ரெண்டு புள்ளைகளும் எங்க போகும்? அதுலயும் சின்னவ, இப்பத்தான் பயம் தெளிஞ்சு வந்தா." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்ணா."

"சரி."

"குழியைத் திருப்பித் தோண்டிருங்க. எந்த மூலையா இருந்தாலும் சரி."

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"நோட்டுல எழுதிக் குடுத்தனுங்களே" என்றாள்.

மார்ச் 8, வெள்ளி

கேஸ் வக்கீல் வீட்டுக்கு வந்தார். ரங்கமணி அம்மா இல்லை, இவர் வேறு ரகம். காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"தொழிலாளி தப்பை ஒத்துக்கிட்டாச்சு. பாதி கிணறு தாண்டியாச்சு. மீதிப் பாதி, மெஷினை வடிவமைச்சது யாருங்கறது. தொழிற்சாலை ஆய்வாளர் திங்கக்கிழமை கேப்பார். லேத்துக்காரன்தானே பண்ணான்? படிப்பு கிடையாது, லைசென்ஸ் கிடையாது. எல்லாம் அவன் யோசனைன்னு சொல்லிருங்க. எழுத்துல எதுவும் இல்லையே?"

"ஒரு நோட்டு இருக்கு."

"எரிச்சுருங்க."

இரண்டு மாசத்துக்கு முன்னால் கண்டுபிடிப்பில் ஜெயசீலனுக்குப் பங்கில்லை என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது முழுப் பங்கும் அவருக்கே கொடுக்கச் சொல்கிறார்கள். மனுவில் என் பெயர், வழக்கில் அவர் பெயர். இப்படியொரு பங்கு பிரிப்பை நான் கூட யோசித்திருக்க மாட்டேன். பொய் சொல்லவில்லை, யோசித்தேன். வக்கீல் வாயைத் திறப்பதற்கு முன்பே, செவ்வாய்க்கிழமை, ஜெயசீலன் கான்கிரீட் மேல் காலைத் தட்டியபோதே யோசித்துவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

அடுப்பில் வைக்க எடுத்துப் போனேன். கமலவேணி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். "என்ன நோட்டு?" என்றாள். ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிட்டேன்.

பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு மாற்றத்துக்குக் கீழேயும் அவள் கையெழுத்து. முத்து முத்தாக. 'பார்த்தேன். பார்த்தேன். பார்த்தேன்.' ஒரே ஒரு இடத்தில் மட்டும் இன்னொரு வார்த்தை. அந்தக் கை இனி எழுதுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. எரித்தால் அவள் கையெழுத்து இந்த உலகத்தில் வேறெங்கும் மிச்சம் இருக்காது. சம்பளத்துக்கு இன்னமும் பழைய வழக்கப்படி நான் ரேகைதான் வாங்கிக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது எழுதத் தெரியுமா என்று அவளிடம் கேட்டதேயில்லை.

மார்ச் 11, திங்கள்

ஆய்வாளர் அலுவலக வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்து மணிக்குக் கூப்பிடுவார்கள். பக்கத்தில் ஒரு பையில் செம்புக் கம்பிச் சுருள். இழுப்பறை தீயில் தப்பிவிட்டது.

நாலு பெஞ்சு தள்ளி ஜெயசீலன் உட்கார்ந்திருக்கிறார். அவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் வந்தபோது எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இந்த நோட்டு இருப்பது தெரியாது.

விட்டுப்போனதையும் சேர்த்து, மாற்றங்களை முறையாக எழுதி முடிக்கிறேன்.

டிசம்பர் 6: தொட்டிக்கும் குழாய்க்கும் தனி எர்த் குழி. யோசனை, செய்தது இரண்டும் ஜெயசீலன். அப்போது எழுதாமல் விட்டது நான்.

ஜனவரி 4, ஜனவரி 14, பிப்ரவரி 2: தண்ணீரை நிறுத்தியது, சேலை, செருப்பு. மூன்றும் நான்.

பிப்ரவரி 21: குழியை மூடியது, கம்பியை அவிழ்த்தது நான். ஓட்டாதே என்று ஜெயசீலன் சொன்னார். மார்ச் 1 ஓட்டினேன். மூடியைத் திறக்காதே என்று நான் மாராத்தாளிடம் சொல்லவில்லை.

இதற்குக் கீழே சாட்சி வேண்டும். பங்கில்லாத ஒருவர் போட வேண்டும் என்பது விதி. வழக்கமாகப் போடுகிறவளின் கை கட்டில் இருக்கிறது. எனக்குப் பங்கு உண்டு, முழுப் பங்கும் உண்டு, செல்லாது என்று தெரியும். இடத்தைக் காலியாக விட மனமில்லை.

உள்ளே என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.

பார்த்தேன். புரிந்துகொண்டேன்.

வெள்ளியங்கிரி